உப்புப் பார்த்தவள்

கல்யாணமாகி இரண்டாவது மாதம், விபூதிப் புதன் அன்று, நான் ஒரு நேர்ச்சை வைத்தேன். நெற்றியில் சாம்பலோடு கோயில் தூணோரம் முழங்கால் போட்டு, உயிர்ப்பு ஞாயிறான பாஸ்கு வரைக்கும் நாற்பது நாளும் கவிச்சி வாயில் வைக்கமாட்டேன், அந்தப் பிள்ளை மட்டும் என் கையால் சாப்பிட வேண்டும் ஆண்டவரே, என்று கேட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நேர்ச்சையை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் ஊர்ப் பக்கத்து நம்பிக்கை. சொல்லியிருந்தால் பாதிச் சங்கடம் வந்திருக்காது. ஆனால் நான் சொல்கிற ஆள் இல்லை. இதைக்கூட வாயால் சொல்லச் சொன்னால் எழுந்து ஓடிவிடுவேன். காகிதம் என்பதால் உட்கார்ந்திருக்கிறேன். அதிலும் பத்து வரி எழுதுவதற்குள் நாலு தடவை போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்தப் பிள்ளை என்றால் என் வீட்டுக்காரருடைய மூத்த தாரத்துப் பெண். ஏழு வயது. அவளைப் பெற்றவள் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக் கடற்கரைப் பெண். இவர் ஹார்பரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விரும்பிக் கட்டிக்கொண்டவர். இவருடைய அப்பா அம்மா தெற்கத்திக்காரர்கள், ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர்கள். மீன்காரப் பெண் என்று அந்த மருமகள் கையால் ஒருநாளும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, நம்ம பக்கத்துப் பெண்ணாக வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்தார்கள். கல்யாணத்தை முடித்துவிட்டு அவர்கள் ஊரோடு போய்விட்டார்கள். எனக்கு வயது பத்தொன்பது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. எங்கள் ஊர் கடல் கண்ணுக்கே தெரியாத பனங்காடு. பட்டணத்துக்கு வந்து இறங்கிய அன்றுதான் கடலை முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்ததும் தலை சுற்றியது.

வீடு ராயபுரத்தில் ஒரு சந்துக்குள், ஒட்டி ஒட்டி ஆறு குடித்தனத்தில் ஒன்று. கொடியில் போட்ட வெள்ளைத் துணி மத்தியானத்துக்குள் ஹார்பர் கரித்தூளில் சாம்பல் நிறமாகிவிடும். அவர் விடியுமுன் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார். பகல் முழுக்க நானும் அந்தப் பிள்ளையும்தான். அவள் என்னிடம் பேசமாட்டாள். நான் யாரிடமும் பேசமாட்டேன். சங்கு ஊதுவதும் ரயில் கத்துவதும் கேட்கும். நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பேன். இருப்புக்கொள்ளாது.

சாப்பாடு போட்டால் சோற்றை வாயில் வைத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். விழுங்கமாட்டாள். மெதுவாக எழுந்து வாசலுக்குப் போவாள். கதவிடுக்கில் பார்த்தால் சாக்கடையில் துப்பிக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரிந்த நல்ல சமையல் எல்லாம் செய்து பார்த்தேன். தேங்காய் அரைத்த குழம்பு, பயறு, கருப்பட்டி போட்ட களி. "சாப்பிடு பிள்ளே, இன்னும் ஒரு வாய். சொல்லுதேன்லா," என்றால், சாயந்தரம் அவள் அப்பாவிடம் அப்படியே நடித்துக் காட்டுவாள். "நைனா, இவங்க சொல்லுதேன் சொல்லுதேன்னு சொல்லிகினே கீறாங்க." அவர் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்துவார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் சாப்பிடுவாள். அன்று குப்பத்திலிருந்து அவளுடைய பெரியம்மா, அதாவது செத்துப்போனவளின் அக்கா, பூசை முடிந்து மீன் கூடையோடு வருவார். வந்து அவரே ஆய்ந்து, அவரே குழம்பு வைத்து, பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் போவார். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த ஒரு சாப்பாட்டில்தான் பிள்ளை ஓடினாள் என்று சொல்ல வேண்டும்.

நேர்ச்சை வைத்த பிறகு வந்த முதல் ஞாயிறு. பெரியம்மா கூடையை வாசற்படியில் இறக்கினார்.

"இந்தா, சட்டி எட்த்தா. நெத்திலி. இன்னும் துடிச்சிகினு கீது."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் இந்த நாற்பது நாள் தபசுகாலம் என்றால் வீட்டுக்குள் கவிச்சி வாடையே கூடாது. அம்மா கருவாட்டுப் பானையைக் கழுவிக் கவிழ்த்து, அதன்மேல் பழைய முறத்தைப் போட்டு மூடிவிடுவாள். எனக்கு அது ஒன்றுதான் தெரியும். நேர்ச்சை வேறு வைத்துவிட்டேன்.

"வேண்டாம்க்கா. பாஸ்கு முடியட்டும்."

"இன்னாது?"

"தபசுகாலம்..."

"தபசுல கறிதான் துன்னக்கூடாது. மீனுமா? மீன நிறுத்தினா எங்க குப்பத்துல நாப்பது நாளும் மண்ணத்தான் துன்னணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் கதவை விட்டு நகரவில்லை என்று பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "ஓ. அப்டியா சேதி. எந்தங்கச்சி கையால தண்ணி வாங்காத வூடுதானே இது. அவ நாறினா. இப்போ நானும் நாறுறனா?"

அப்படி இல்லக்கா, அப்படி இல்லக்கா என்று எனக்குள் ஒரு குரல் ஓடியது. வெளியே வரவில்லை.

பெரியம்மா பிள்ளையைக் கூப்பிட்டு, அவள் புஜத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சுற்றிப் பிடித்தார். இரண்டு விரலும் தொட்டுக்கொண்டன. அதை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா. தொடப்பக்குச்சி மாரி கீது. தோ பாருமே, இனிமே நான் இந்த வூட்டுக்கு மீனு எட்த்துகினு வரமாட்டேன். பாஸ்கு அன்னிக்கு ஒரே ஒரு தபா வருவேன். புள்ள தேறியிருந்தா சரி. இல்லன்னா துணிய மூட்ட கட்டி வெச்சிடு. குப்பத்துக்கு இஸ்துகினு பூடுவேன். அப்பன்காரன் சொன்னாலும் கேக்கமாட்டேன்."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார். பிள்ளை சந்து முனை வரைக்கும் அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று கன்னத்தில்கூட சோற்றை ஒதுக்கிக்கொள்ளவில்லை. தட்டைத் தள்ளிவிட்டாள்.

சாயந்தரம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அங்க போனா நல்லா சாப்புடுவா. கொஞ்ச நாளு இருந்துட்டு வரட்டுமே," என்றார். அதுதான் என்னைக் கலக்கியது. உண்மையை எழுதுகிறேன், அப்போது எனக்கு இருந்தது பாசம் இல்லை, பயம். வந்த இரண்டாவது மாதத்தில் மூத்தாள் பிள்ளையைப் பட்டினி போட்டு விரட்டிவிட்டாள் என்று இந்தச் சந்து பேசும், எங்கள் ஊர் பேசும். அதற்கு மேலும் ஒன்று இருந்தது. அவளும் போய்விட்டால் பகல் முழுக்க அந்த வீட்டில் என் காலடிச் சத்தம் மட்டும்தான் எனக்குத் துணை. அவள் கன்னத்தில் சோற்றை வைத்துக்கொண்டு முறைப்பதாவது இருந்தது.

அதன்பிறகு ஒரு விஷயம் கவனித்தேன். அவள் உதடெல்லாம் எப்போதும் வெள்ளையாக இருந்தது. சிலேட்டில் எழுதுகிற குச்சி, இங்கே அதைப் பலப்பம் என்பார்கள். அவள் அப்பா ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தார். நாலே நாளில் காலி. எழுதித் தீர்த்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒருநாள் பாயைச் சுருட்டும்போது அடியில் பல் பதிந்த துண்டுகள் கிடந்தன. சோறு இறங்காத தொண்டையில் பலப்பம் இறங்கியிருக்கிறது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஜெபம் சொல்லும்போது மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஆயா கூட்டிக்கொண்டு வந்து விட்டார். தூக்கிக்கொண்டு தர்ம ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எட்டு வீடு தாண்டித் தனியாகப் போனதில்லை நான். அன்று எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது.

டாக்டரம்மா அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்லை. பலப்பம் தின்கிறாளா?" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் விழித்தேன். "சின்ன மீன் குடு, முள்ளோட. தினம் ஒரு கீரை. கேழ்வரகு. முட்டை கிடைத்தால் முட்டை. அதெல்லாம் உள்ளே போனால் பலப்பத்தைத் தானே விட்டுவிடுவாள்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரு, அக்காவா?"

பிள்ளைதான் பதில் சொன்னாள்.

"எங்க நைனா வூட்ல கீறாங்க."

அந்த வார்த்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோபம் வரவில்லை. சரியாகத்தானே சொன்னாள்.

சந்து முனையில் மீன்காரம்மா உட்கார்ந்திருந்தார். கூடையில் நெத்திலி. நின்றேன். பத்தடி போய்த் திரும்பி வந்தேன். மறுபடி போனேன். பிள்ளை என் இடுப்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தவள், "இன்னா, இங்கியே சுத்திகினு கீறே?" என்பது போல ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பிள்ளை சாப்பிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அந்தப் பிள்ளை சாப்பிடுகிற ஒரே பண்டத்தையல்லவா நிறுத்தி வைத்திருக்கிறேன். நான் நேர்ந்தது என் வாய்க்கு. அவள் வாய்க்கு இல்லை. அது எனக்கு அந்த நடுத்தெருவில்தான் உறைத்தது. ஒரு கூறு நெத்திலி வாங்கினேன். வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் பச்சை மீன்.

வீட்டுக்கு வந்து சட்டியில் போட்டேன். எங்கள் ஊரில் சந்தைக்கு வருவது கருவாடு மட்டும். கருவாடு என்றால் வெந்நீர் ஊற்றி அலசுவோம். மண்ணும் உப்பும் விட்டுப் போகும். மீனும் கருவாடும் ஒரே சாதிதானே என்று தண்ணீரைக் கொதிக்க வைத்து, அப்படியே ஊற்றினேன். பளபளவென்று கிடந்த நெத்திலி, கண்ணெல்லாம் வெள்ளையாகி, வயிறு வெடித்து, நிமிஷத்தில் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாடை எழுந்தது பாருங்கள்.

பாயில் படுத்திருந்தவள் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னா பண்றே நீ?"

அவள் எனக்கென்று சொன்ன முதல் வார்த்தை அது.

"கழுவுதேன்."

"மீனுக்குப் போயி சுடுதண்ணி ஊத்துவாங்களா? அதுக்கு இன்னா, குளிருதா?"

நான் சட்டியைப் பார்த்தேன். அவள் சட்டியைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிற்கத் தெம்பில்லாமல் வாசற்காலிலேயே சரிந்து உட்கார்ந்து சிரித்தாள்.

"ஒனக்கு மீனு ஆயத் தெரியாதா?"

"தெரியாது."

"நெசமாவா?"

"எங்க ஊர்ல கடல் கிடையாது."

"கடலு இல்லாம எப்டி ஊரு கீது?" என்றாள்.

மறுநாள் மீன்காரம்மா வருவதற்கு முன்பே அவள் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கூடையில் கையை விட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்து அவள்தான் வாங்கினாள். சட்டியை முன்னால் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளி ஒரு இழுப்பு. குடல் தலையோடு வந்துவிட்டது. "இப்டி கிள்ளு. இப்டி இஸு. அருவாமன வேணாம், சதை பூடும்." பிறகு கல்லுப்பைப் போட்டு, சட்டியின் சொரசொரப்பில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மூன்று தண்ணீர் மாற்றியதும் நான் போதும் என்றேன். "எங்கம்மா நாலு தபா கழுவும்," என்று நாலாவது தண்ணீரையும் ஊற்றினாள்.

தேங்காயை எடுத்தேன். "தேங்கா போட்டா அது மீனு கொயம்பு இல்ல, பாயாசம்," என்றாள். வைத்துவிட்டேன். புளி, மிளகாய்த்தூள், ஒரு மாங்காய். குழம்பு கொதித்து, மீனைப் போட்டு இறக்கியதும், கரண்டியில் கொஞ்சம் எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"உப்பு பாரு."

நான் முகத்தைத் திருப்பினேன். "நீ பாரு."

அவள் முகம் சுண்டிவிட்டது. "ஏன், நாறுதா?"

பெரியம்மா சொன்ன அதே வார்த்தை. "இல்ல பிள்ளே. நேர்ச்சை. பாஸ்கு வரைக்கும் நான் வாயில வைக்கக்கூடாது."

"இன்னா நேர்ச்ச?"

"அதைச் சொல்லக்கூடாது."

நேர்ச்சை என்றால் அவளுக்குத் தெரிந்திருந்தது. புயல் அடித்தால் நேர்ந்துகொள்கிற சனம் அவர்கள். மேலே கேட்கவில்லை. "அப்போ நான்தான் பாக்கணும்," என்று பெரிய மனுஷிபோல் சொல்லிவிட்டு, கரண்டியை ஊதி நாக்கில் வைத்தாள். "கொறவு," என்றாள். போட்டேன். இன்னொரு தடவை பார்த்தாள். "இன்னும் துளி." போட்டேன். மூன்றாவது தடவை பார்த்துவிட்டு யோசித்தாள். "சும்மா பாத்தா தெர்ல. சோத்துல போட்டாத்தான் தெரியும்."

சோறு போட்டேன். நான் பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். முள் மெல்லுகிற சத்தம் கேட்டது. அது நிற்கும் நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. தட்டை வழிக்கிற சத்தம் கேட்டபோதுதான் திரும்பினேன். "உப்பு சரியா கீது," என்றாள்.

அன்றிலிருந்து நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் போடுவேன். நாலைந்து தடவை அவள் பார்க்க வேண்டி வரும். அது பழகியதும் இன்னொரு திருட்டு. முருங்கைக்கீரை வதக்கிவிட்டு, "இதுக்கும் உப்புப் பாரு," என்றேன்.

"கீரைக்கும் நேர்ச்சையா?"

"ஆமா."

"கேவுரு களிக்கு?"

"அதுக்கும்தான்."

"அப்போ நீ பச்சத்தண்ணிதான் குடிப்பியா," என்றாள், கொஞ்சம் பயந்துபோய்.

தபசுகாலத்தில் பொய். அந்த வாரம் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் சொன்னேன். "எதற்குப் பொய்?" என்றார். "பிள்ளை உப்புப் பார்க்கிறதுக்கு." "எத்தனை தடவை?" "மூணு வேளையும், சாமி." தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். சிரித்தாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

கீரையை முதல் நாள் துப்பிவிட்டாள். "கசக்குது." எனக்கு உடனே கையைப் பிசையத் தோன்றியது. ஆனால் அவளே கரண்டியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "இதுல சென்னாகுனி போடணும்." சென்னாகுனி என்றால் காய்ந்த பொடி இறால், நகக்கண் அளவுகூட இருக்காது. மறுநாள் வறுத்துப் போட்டோம். அவளே கீரையை உருவினாள், அவளே கிளறினாள், அவளே உப்புப் பார்த்தாள். தான் கிளறியதைத் துப்புவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன். ஒரு வாரத்தில், "இன்னிக்கு கீர எங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பு. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டியாக அடைத்து, பாட்டிலை மெதுவாக உருவ வேண்டும். அந்தக் குழிக்குள்தான் தீ. நான் அடைத்தால் பாட்டிலை உருவும்போதே பொலபொலவென்று சரிந்துவிடும். அவள் அடுப்பின் மேல் ஏறி நின்று குதிகாலால் மிதித்து அடைப்பாள். சரியவே சரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு, முதலில் அடுப்பைத்தான் பார்ப்பாள். புதிதாக வாங்கிய பலப்பம் டப்பாவை நான் தினமும் திறந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பாதி டப்பா அப்படியே கிடந்தது. இருந்தாலும் எண்ணுவதை விட முடியவில்லை.

குருத்தோலை ஞாயிறு தாண்டி இரண்டாம் நாள். கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தோம். துடுப்பு அவள் கையில். அது அவள் வேலையாகிவிட்டிருந்தது. நான் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். களி ஒரு கொதி கொதித்துத் தெறித்து, அவள் புறங்கையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அவள் கத்தவில்லை, துடுப்பையும் விடவில்லை. "ஊ ஊ" என்று ஊதிக்கொண்டு நின்றாள். நான்தான் கத்தினேன். தீப்புண்ணுக்கு நல்லது என்று பள்ளிக்கூட மையை எடுத்து ஊற்றினேன். காலணா அகலத்துக்குக் கொப்புளம்.

பாஸ்குவுக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இளையாள் வீட்டில் மூத்தாள் பிள்ளையின் கையில் தீப்புண் இருந்தால் உலகம் என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியாது. சூடு போட்டுவிட்டாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஆறு குடித்தனமும் காத்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. சட்டையின் கையை நீளமாக்கிவிடலாமா என்று தையலைப் பிரித்துப் பார்த்தேன். மடிப்பில் துணி இல்லை. பாஸ்குவுக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, அவள் துணிகளை எடுத்து மடித்து மூட்டை கட்டினேன். அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன்.

"இன்னா தேடிகினு கீறே?" என்றாள் பிள்ளை.

"ஒண்ணுமில்ல."

"போய் ஒக்காரு. சும்மா சும்மா நடந்துகினு. எனக்கே தல சுத்துது."

பாஸ்கு அன்று காலைப் பூசை முடிந்து நாங்கள் வருவதற்குள் பெரியம்மா வாசலில் நின்றார். தலையில் கூடை இல்லை. கையில் காலிப் பை மட்டும். என் வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தும் சாக்கில் அங்கேயே நின்றுவிட்டார். பெரியம்மா பிள்ளையை இழுத்துப் புஜத்தைப் பிடித்தார். இரண்டு விரலும் தொடவில்லை. ஒரு விரல் அகலம் இடைவெளி. இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. அப்போதுதான் புறங்கையைப் பார்த்தார்.

"இன்னாமே இது?"

எனக்கு வார்த்தை வரவில்லை. வராது என்று தெரிந்துதான் ஐந்து நாள் நடந்தேன்.

"சூடா? எம்புள்ளைக்கு சூடு போட்டியா?"

பக்கத்து வாசல்களில் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"கத்தாத பெரிம்மா," என்றாள் பிள்ளை. "களி கிண்டசொல்லோ தெறிச்சிச்சி."

"ஏயு வயசுப் புள்ளைய களி கிண்ட வுட்டியா? வேலக்காரியாவே ஆக்கிட்டியா?" பெரியம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. "நட. துணிய எடு. இனி ஒரு நிமிசம் இங்க வேணாம்."

உள்ளே மூட்டை கட்டித்தான் இருந்தது. நான் அதை எடுக்கத் திரும்பிவிட்டேன். உண்மையிலேயே ஓரடி எடுத்து வைத்துவிட்டேன்.

"நான் வர்ல," என்றாள் பிள்ளை.

"ஏன்டி?"

"நான் வந்துட்டா இவங்களுக்கு யாரு மீனு ஆய்ஞ்சி குடுப்பா? இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது பெரிம்மா. மீனுக்கு சுடுதண்ணி ஊத்துறாங்க."

"இன்னாது?"

"சுடுதண்ணி. கொதிக்க கொதிக்க."

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். எதிர்வீட்டு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது தெரிந்தது.

"நாப்பது நாளா மீனே துன்னல. நேர்ச்சையாம். உப்பு கூட நான்தான் பாத்தேன். இன்னிக்குதான் துன்னப் போறாங்க. காலைலயே கொயம்பு வெச்சிட்டேன். நீயும் ஒக்காரு."

"நேர்ச்சையா?" என்றார் பெரியம்மா. குரல் தணிந்துவிட்டது. "அதான் அன்னிக்கு வாணாம்னியா? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? எதுக்கு நேர்ந்துகினே?"

நான் பிள்ளையைப் பார்த்தேன், அவ்வளவுதான். பெரியம்மாவும் அவளைப் பார்த்தார். காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பிள்ளைதான் பரிமாறினாள். நான் நெத்திலியைப் பிட்டு முள்ளை எடுக்கப் பார்த்தேன். "முள்ளோட மெல்லு. முள்ளுலதான் சத்துன்னு டாக்டரம்மா சொல்லல?" என்று என் தட்டுக்கு முன்னால் குந்திக்கொண்டாள். மென்றேன். உப்பு கரித்தது. இத்தனை நாள் குறைத்துக் குறைத்துப் போட்ட நான் இல்லாமல், அவளே போட்ட உப்பு.

"எப்டி கீது?"

"சரியா இருக்கு."

"உப்பு தூக்கல்," என்றார் பெரியம்மா.

"இவங்களுக்கு சரியா கீதாம். ஒனக்கு இன்னா?" என்றாள் பிள்ளை.

பெரியம்மா இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். போகும்போது வாசற்படியில் நின்று, "வர ஞாயித்துக்கெயம மீனு கொண்டாறேன்," என்றார் என்னிடம். "சுடுதண்ணி ஊத்துனே, கைய ஒட்ச்சிடுவேன்."

நெத்திலி ஆய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அடுத்த மாதமே எனக்குக் கை பழகிவிட்டது. ஒருநாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரத் தாமதமானபோது, ஒரு கூறு முழுவதையும் நானே ஆய்ந்து, நாலு தண்ணீரில் கழுவி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் யோசித்தேன். யாரு ஆய்ஞ்சி குடுப்பா என்றுதானே இங்கே நின்றாள். எனக்கே தெரியும் என்று ஆகிவிட்டால்? வாசலில் பை விழுகிற சத்தம் கேட்டது. அவசரமாக ஒரு சொம்பு வெந்நீரை எடுத்துச் சட்டியில் ஊற்றினேன்.

"ஐயே," என்று வந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள் அவள். "ஒன்ன எத்தினி தபா சொல்றது. தள்ளு."

தள்ளிக்கொண்டேன். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும், அவர்களை அவள் அந்த மரத்தூள் அடுப்பின் முன்னால் உட்கார வைத்து உப்புப் பார்க்கப் பழக்கிய பிறகும், அவள் கல்யாணமாகிப் போன பிறகும்கூட நான் கற்றுக்கொண்டதைச் சொல்லவில்லை. இப்போது அவளுக்கே முழங்கால் வலி. இன்று ஞாயிற்றுக்கிழமை, வருகிறேன் என்றிருக்கிறாள். காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். மீன் வாங்கி அப்படியே சட்டியில் வைத்திருக்கிறேன், கைபடாமல். வந்ததும் புடவையைச் செருகிக்கொண்டு, "நீ வுடு சித்தி, ஒனக்கு வராது," என்று சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.